ஐந்து நிமிடச் சாட்சி

மஸ்கட்டில் எங்களுக்கு ஞாயிறு
வெள்ளிக்கிழமை வரும்.
மலையாளிகள் பத்தரைக்கு எழுந்து போவார்கள்,
நாற்காலியில் இன்னும் அவர்கள் சூடு.
ஒன்றரைக்குப் பிலிப்பினோக்காரர்கள் கதவைத் தட்டுவார்கள்.
நடுவில் மூன்று மணி நேரம்
தமிழ்.

ஓய்வுநாளை இரண்டு நாள் முன்னால் இழுத்து
முளையடித்துக் கட்டியவர்கள் நாங்கள்.
அன்றைக்கு எங்கள் வாக்குவாதம்
ஒரு நாள் எவ்வளவு நீளம் என்று.

ஊரிலிருந்து வந்த பிரசங்கியார்
திரையில் படம் போட்டார்.
குரங்கு, கூன் விழுந்த குரங்கு, நிமிர்ந்த குரங்கு,
கடைசியில் கோட்டுப் போட்ட ஒருவர்.
"இதுல யாரு உன் தாத்தா?"
என் மகன் ரெனிஷ் கையைத் தூக்கினான்.
"கடைசி ஆள். எங்க தாத்தா கோட்டுதான் போடுவாரு."

தவசிங் அண்ணன்
சாரம் கட்டும் கம்பெனியில் ஃபோர்மேன்,
வாலிபர் வகுப்பும் அவர் பொறுப்பு.
என் பக்கம் குனிந்தார்.
"தங்கச்சி, நீ கல்லுல வேல பாக்கிறவ.
அஞ்சு நிமிசம் மேல ஏறி
எல்லாம் ஜலப்பிரளயம்தான்னு சாட்சி சொல்லு.
படிச்சவ சொன்னா பயலுவ கேப்பானுவ."

நான் பார்க்கிற வேலை இது:
கிணறு துளைக்கையில் மேலே வரும் தூளைக்
கழுவி, உலர்த்தி, சலித்து
நுண்ணோக்கியின் கீழே
அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி
செத்த கடலின் பொடி ஓடுகளைப் பொறுக்குவது.
இந்த ஓடு மறைந்து அந்த ஓடு தொடங்கினால்
இன்னும் நாற்பது அடி.
பதினோரு வருஷத்தில் எத்தனை கிணறு!
ஒருமுறைகூட அவை வரிசை மாறி வந்ததில்லை.
வெள்ளம் கலக்கியிருந்தால்
ஒரே ஒரு முறையாவது.

இதைச் சொல்லலாம்.
அதற்குள் காணிக்கைப் பை என் வரிசைக்கு வந்தது.
ஓடுகள் சொன்ன இடத்தில் எடுத்த எண்ணெய்,
எண்ணெய் தந்த சம்பளம்,
சம்பளத்தில் பத்தில் ஒன்று, உறையில்.
போட்டேன்.

போன வருஷம் ரெனிஷ் ஐசியூவில் கிடந்தபோது
இரண்டு ராத்திரி காரிடாரில்
முழங்காலில் நின்றவர் தவசிங் அண்ணன்.
பக்கத்தில் நான்.
பூமிக்கு என்ன வயசு என்று
அங்கே யாரும் கேட்கவில்லை.

மேடை ஏறினேன். மைக் கீச்சிட்டது.
"நான் எண்ணிக்கிட்டே இருக்கேன்.
இன்னும் முடியல."
இறங்கிவிட்டேன்.
யாரோ தாமதமாக ஆமென் சொன்னார்.

வேனில் அவர் பேசவே இல்லை.
அல் கூத் பக்கம், மலையை வெட்டிப் போட்ட சாலையில்
சட்டென்று ஓரம் கட்டினார்.
"காட்டு."
இரண்டு மணி வெயில்.
ரெனிஷ் ஏசியை விட்டு இறங்க மாட்டேன் என்றான்.
ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தேன்.
"ஒண்ணும் தெரியலியே."
"நனைக்கணும் அண்ணே."
தண்ணீர் வேனில் இருந்தது.
அவர் கல்லில் துப்பிக்
கட்டைவிரலால் தேய்த்தார்.

எச்சிலில் மண் குழைத்துக்
குருட்டுக் கண்ணில் பூசிய விரலை
நினைத்தேன். சொல்லவில்லை.

சாம்பல் கல்லிலிருந்து காசு காசாக எழும்பி வந்தன.
ஐம்பது பைசா அகலம்.
உள்ளே சுருள் சுருளாய் அறைகள்.
ஒன்றின் மேல் ஒன்று, அதன் மேல் ஒன்று.

"எல்லாம் உசுரோட இருந்துச்சா?"
"ம்."
"எப்ப?"
"அஞ்சு கோடி வருசம் இருக்கும்."
தலையை ஆட்டினார், ஆமாம் என்று அல்ல.
"அம்புட்டு நாளா இதுகள யாரு பாத்துக்கிட்டு இருந்தா?"

யாரும் இல்லை என்பதும் ஒரு பதில்தான்.
அந்த வெயிலில் அது வாயில் வரவில்லை.
கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வெள்ளி, வாலிபர் வகுப்பு.
அதே ஆறு நாள் பாடம், அதே தாள்கள்.
ஏசிக் காற்றில் பறக்காமல்
மேலே அந்தக் கல்.
என்னோடு வந்த ரெனிஷ் நேராகப் போய்
கல்லை எடுத்தான், நக்கினான்.
அறை முழுக்கத் தாள்.
பொறுக்குவதற்கு எல்லாரும் குனிந்தோம்.
"பக்க நம்பர் போட்டிருக்குல்லா" என்று
தவசிங் அண்ணன் கத்தினார்,
"வரிசை மாறாம அடுக்குங்கடே."